சூட்டறை எறும்பும் குளிரறைத் தேனீயும்

பூச்சி ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் எறும்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, அங்கே தேனீக்களைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன்தான் யார் யாரிடமோ கெஞ்சி அந்த வேலையை வாங்கிக்கொடுத்தார்.

அவளுடையது சூட்டறை. மற்ற ஜீவன்களெல்லாம் நிழலில் ஒண்டும் உச்சிவெயிலில் இரை தேடக் கிளம்பும் பாலைவன எறும்புகள் அங்கே. விளக்குகள் மணலைக் கொதிக்கவைத்துக்கொண்டே இருக்கும். அடுத்தது அண்ணனின் குளிரறை. அங்கே தேனீக்கள் பந்தாக ஒட்டிக்கொண்டு, உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடு உண்டாக்கும். ஓரத்தில் விறைத்தவை உள்ளே நுழைய, உள்ளே இருந்தவை ஓரத்துக்கு வரும்.

“உன் எறும்பு, சாகப்போற கிழங்களைத்தான் வெயில்ல அனுப்புது. என் பிள்ளைங்க முறைவச்சுக் குளிரைத் தாங்குது” என்று அண்ணன் வம்புக்கு இழுப்பார்.

“கிழங்களாவது உழைக்குது. உங்க பிள்ளைங்க உக்காந்த இடத்துலயே தேனைக் காலி பண்ணுது” என்பாள் அவள்.

ஒருநாள் மேலாளர் இருவரையும் அழைத்தார். இனி ஓர் அறைக்குத்தான் மின்சாரம் கட்டுப்படியாகுமாம்.

“கரண்ட் ஒரு நாள் முழுக்கப் போனா எது தாங்கும்?”

“ரெண்டும் தாங்கும் சார்” என்று அண்ணன் முந்திக்கொண்டார்.

மேலாளர் அவளைப் பார்த்தார். அவள் அண்ணன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“எறும்பு சுருண்டு கிடக்கும் சார். சூடு வந்தா எந்திரிச்சிடும். தேனீ... அறை சூடானா பந்து கலைஞ்சிடும். சுவத்துல முட்டி முட்டியே செத்துடும்.”

குளிரறையை மூடினார்கள். அண்ணனுக்கு வேலை போயிற்று. தேனீப் பெட்டிகளைப் பழத்தோட்டக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏற்றும்போது பெட்டியை அண்ணன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்தார்கள். “மெதுவா, சாய்க்காதே” என்றதோடு அண்ணன் நிறுத்திக்கொண்டார்.

மனசு கேட்காமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். கிடங்கில் காவல் வேலை கிடைத்து, அண்ணன் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அண்ணி தண்ணீரை நீட்டினாள். “உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. வாயை மூடிக்கிட்டாவது இருந்திருக்கலாமே?”

“விடும்மா. கேட்டாங்க, அவ சொன்னா” என்றார் அண்ணன் அண்ணியிடம், சட்டைப் பொத்தானைப் பார்த்தபடியே.

சொன்னது உண்மைதான். ஆனால் அதை உண்மைக்காகச் சொன்னாளா, தன் வயிற்றுக்காகச் சொன்னாளா? எத்தனை முறை யோசித்தும் அவளுக்கே பிடிபடவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். அண்ணி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். “இருந்து சாப்பிட்டுட்டுப் போ” என்று யாரும் சொல்லவில்லை.