மேனேஜருக்குச் சர்க்கரை இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

பல்செட் செய்யும் லேபில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவள் அவள். அரிசியளவு மெழுகைக்கூட இம்மி பிசகாமல் செதுக்கும் கை. பூனைக்கு முதல் ஊசி போட மட்டும் அந்தக் கைக்கு மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

பூனையின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைக்கிறது என்று லாரி ஓட்டும் அண்ணன் வைத்த பெயர். வீட்டில் அண்ணன், தங்கை, மேனேஜர், அவ்வளவுதான்.

மேனேஜர் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, தின்றும் இளைத்தது. ரத்தம் பார்த்த மிருக டாக்டரம்மா சர்க்கரை என்றார். காலையும் மாலையும் இரண்டு யூனிட் இன்சுலின். "சாப்பிட்டுச்சான்னு பாத்துட்டு ஊசி போடுங்க. சாப்பாட்டை மாத்தறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

முன்பாதி அவள் மனசில் ஒட்டியது. பின்பாதி காற்றோடு போயிற்று.

ஆறு வாரம் கழித்து, லேபில் பக்கத்து மேசைக்காரி சொன்னாள்: "அந்த பிஸ்கட் தீனில பாதி மாவுதான்க்கா. சர்க்கரை பின்ன எப்படி இறங்கும்?" அன்றைக்கே தீனிப் பை குப்பைக்குப் போனது. வெறும் வேகவைத்த கோழி. மேனேஜர் தட்டை நக்கி வழித்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊசி மட்டும் அதே இரண்டு யூனிட்.

நாலாம் நாள் ஞாயிறு. பதினோரு மணிக்கு அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் குடித்தவன் மாதிரித் தள்ளாடி வந்து, கதவில் முட்டி, பொத்தென்று விழுந்தது. நாலு காலும் இழுத்துக்கொண்டன.

"அண்ணே! ஓடி வாண்ணே! சர்க்கரை ஏறிடுச்சு!" ஃப்ரிட்ஜைத் திறந்து இன்சுலினையும் சிரிஞ்சையும் எடுத்துவிட்டாள்.

"இரும்மா, அவசரப்படாதே. முதல்ல டாக்டரம்மாகிட்ட கேளு."

போனில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "சாப்பாடு ஏதாவது மாத்தினீங்களா?"

"பிஸ்கட்டை நிறுத்திட்டேன். கோழி மட்டும்தான்."

"ஊசி?"

"அதே ரெண்டு."

"ஏறலைம்மா, இறங்கிடுச்சு! இன்னொரு ஊசி போட்டா உயிரே போயிடும். தேனை ஈறுல தடவுங்க. பல்லுக்கு நடுவுல விரலை விடாதீங்க. தடவிட்டு உடனே கொண்டு வாங்க."

சிரிஞ்ச் கையிலிருந்து நழுவியது. அண்ணன்தான் தேன் பாட்டிலைத் திறந்து நீட்டினார். லேபில் பிளாஸ்டர் அச்சு ஈறுகளையே தொட்டுப் பழகிய அவள் விரல், சில்லிட்டுக் கிடந்த அந்த ஈறில் தேனைத் தடவியது. கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. ஆட்டோவில் போகும்போது மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை குளுக்கோஸ் ஏறியது. டாக்டரம்மா திட்டவில்லை. "மாவைக் குறைச்சது நல்லதுதான். அது வேலை செஞ்சதாலதான் பழைய மருந்து அதிகமாயிடுச்சு. ஆனா வெறும் கோழில எல்லா சத்தும் கிடைக்காது. டப்பாவுல வர்ற பூனை உணவு குடுங்க. ஊசி இனிமே ஒரு யூனிட்."

நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கொல்லப் பார்த்தோமே என்பதே அவள் நினைப்பாக இருந்தது. மறுநாள் லேபில் நேராக வரவேண்டிய முன்பல்லைக் கோணலாக வைத்தாள். பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பக்கத்து மேசைக்காரி, "என்னக்கா, பூனை எப்படி இருக்கு?" என்றாள். நடந்ததைக் கேட்டதும் மேசைக்காரியின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று.

இரண்டு மாதத்தில் மேனேஜர் பழைய எடைக்கு வந்தது. காதோரம் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்க்க அவள் கற்றுக்கொண்டாள். ஆனாலும் ஊசி போடும் முன், "அண்ணே, ஒண்ணுதானே?" என்று உள்ளறைக்குக் குரல் கொடுக்காமல் இருப்பதில்லை. அவர் லாரியோடு வெளியூரில் இருந்தால் போன் போட்டாவது கேட்பாள்.