ஆபாவுக்குப் படித்துக் காட்டாத கட்டுரை

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. எழுத்துக்காரி என்று சொல்லிக்கொள்கிற ஒருத்திக்கு இதைவிட மோசமான குணம் இருக்க முடியாது. ஒரு வரி எழுதுவேன், அடுப்பில் வைத்த பால் ஞாபகத்துக்கு வரும். பாலை இறக்கிவிட்டு வந்தால் போனில் யாரோ கல்யாண வீடியோ அனுப்பியிருப்பார்கள். அதைப் பார்த்து முடித்ததும், மாப்பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காவிட்டால் தலை வெடித்துவிடும். அதற்குள் மத்தியானம் ஆகிவிடும். நாவல் என்று நான் பீற்றிக்கொண்டிருந்த வஸ்து மூன்றாவது அத்தியாயத்திலேயே படுத்துக் கிடந்தது.

டைமர் வைத்து எழுதிப் பார் என்றார்கள். இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு. போனில் வைத்துப் பார்த்தேன். டைமர் வைக்கப் போனை எடுத்தால் போன் என்னை விடுமா? மறுபடியும் கல்யாண வீடியோ. போதுமடா சாமி என்று, ஆம்பூர் பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய், சமையலுக்கு வைக்கிற திருகு டைமர் ஒன்றை வாங்கி வந்தேன். வெள்ளையாக உருண்டையாக இருக்கும். திருகி வைத்தால் டிக் டிக்கென்று ஓடி, நேரம் முடிந்ததும் கர்ரென்று அடிக்கும். எழுதும்போது போனைக் கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியில் வைத்துவிடுவது என்றும் ஒரு விதி போட்டுக்கொண்டேன். அப்போதும் சரிப்படவில்லை. மணி எப்போது அடிக்கும் என்று டைமரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்னை உட்கார வைத்தவர் பக்கத்து வீட்டு ஆபா. உருதுவில் ஆபா என்றால் அக்கா. எங்கள் தெருவில் உருது வீடும் தமிழ் வீடும் கலந்து கிடப்பதால் ஆபாக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் வெறுமனே ஆபா என்று சொன்னால் அது இவர்தான்.

ஆபா வீட்டிலிருந்தே ஷூ தைப்பவர். முழு ஷூ இல்லை, அப்பர் என்கிற மேல்பாகம் மட்டும். துளை போட்டு வருகிற தோலில் மெழுகு பூசிய நூலைக் கோத்து இழுத்து இழுத்துத் தைக்க வேண்டும். நூல் விரலை அறுத்துவிடும் என்று சைக்கிள் டியூபை வெட்டி விரலில் மாட்டிக்கொள்வார். கம்பெனிக்கும் தெருவுக்கும் நடுவில் ஓர் ஏஜென்ட் உண்டு. மொபெட்டில் மூட்டைகளைக் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு போட்டுவிட்டு, தைத்ததை வாங்கிக்கொண்டு போவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தெருவில் பாதிப் பெண்களுக்கு இதுதான் பிழைப்பு.

ஒருநாள் உறைமோர் கேட்டு வந்த ஆபா, மேசைமேல் டைமர் ஓடுவதைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, முட்டை வேக வெச்சிருக்கியா?”

“என்னையே வேக வெச்சிருக்கேன் ஆபா. இது அடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது.”

ஆபா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த கிண்ணம் ஆடியது. “அப்ப நானும் என் மூட்டையை எடுத்தாந்து உக்கார்றேன். நீ எழுந்தா ஊசியால குத்துவேன். உன் வீட்டு ஃபேன் வேற நல்லா சுத்துது.”

மறுநாளிலிருந்து மத்தியானம் இருவரும் ஒரே டைமருக்கு வேலை செய்தோம். அது ஓடுகிறவரை பேச்சு கிடையாது. எதிரில் ஒருத்தி தலை நிமிராமல் நூலை இழுத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு எழுந்து போக வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் நாலாவது அத்தியாயம் நகர்ந்தது. மணி அடித்ததும் டீ. டீயோடு, நான் எழுதியதை ஆபாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். இது ஆபா போட்ட சட்டம். அவருக்கு உருது படிக்க வரும், தமிழ் எழுத்து தெரியாது. நான் படிக்க ஆரம்பித்ததும் ஊசியைத் தோலில் குத்தி வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நாள் முழுக்க அந்தக் கைகள் சும்மா இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

விமர்சனம் என்றால் அப்படியொரு விமர்சனம். “இந்தப் பொண்ணு இவ்ளோ நேரமா அழுவா? அவளுக்கு வீட்ல வேல வெட்டி இல்லியா?” என்பார். நான் முறைத்துக்கொண்டே அழுகையைக் குறைப்பேன். சில சமயம் குரலை இறக்கி, “இது வேணாம்மா. இது யாரு வீட்டுக் கதைன்னு எனக்கே தெரியுது. அவங்க காதுக்குப் போனா பேஜார்” என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நல்ல வரி போகிறதே என்று வயிறெரியும். ஆனாலும் அந்த வரியை அடித்துவிடுவேன். ஆபா வேண்டாம் என்று சொல்லி நான் எடுத்த எதற்காகவும் பின்னால் வருத்தப்பட்டதில்லை.

டைமர் எனக்குச் செய்ததைவிட ஆபாவுக்கு அதிகம் செய்தது. வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரோடு பேசிக்கொண்டே தைத்தவர், என் வீட்டில் வாய் திறக்காமல் தைத்ததில் மூட்டை சீக்கிரம் முடிந்துபோயிற்று. ஒருநாள் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்க் கட்டிலுக்கடியில் காட்டினார். போர்வையால் மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தால், தைத்து முடித்த ஜோடிகள்.

“முடிஞ்சிடுச்சே ஆபா. ஏஜென்ட்டைக் கூப்பிட்டுக் குடுத்துட வேண்டியதுதானே?”

“உனக்கு இன்னா தெரியும்? ஒரு மூட்டைன்னா ரெண்டு நாளு. இந்தத் தெருவுல எல்லாருக்கும் அதான். நான் இன்னைக்கே குடுத்தா, அந்தாளு மத்தவங்களையும் இன்னைக்கே குடுன்னுவான். கோடி வீட்டுக்காரிக்கு மணிக்கட்டு வீங்கிக் கிடக்குது, அவ இன்னா பண்ணுவா?”

யாரும் கூடிப் பேசிச் செய்துகொண்ட ஏற்பாடு இல்லை அது. ஆனால் தெருவில் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் காப்பாற்றினார்கள். மிச்சமான நேரத்தில் ஆபா என்ன செய்தார் தெரியுமா? தூங்கினார். கல்யாணமான நாளிலிருந்து பகலில் தூங்கியதே இல்லையாம். “உன் முட்டை மெஷினு குடுத்த தூக்கம்” என்று என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமைதான் என் புத்தியைக் கெடுத்தது.

ஓர் இணைய இதழிலிருந்து கேட்டார்கள். கவனம் சிதறாமல் எழுத நீங்கள் என்ன செய்கிறீர்கள், ஒரு கட்டுரை வேண்டும், இன்று சாயங்காலத்துக்குள் என்று. ஆபா அன்று ஊரில் இல்லை. திருப்பத்தூரில் தங்கை வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். நான் போனை அலமாரியில் வைத்தேன், டைமரைத் திருகினேன், எழுதினேன். அடேயப்பா, அப்படியொரு ஓட்டம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. டைமரைப் பற்றி எழுதினேன், எதிரில் உட்கார்ந்து தைக்கிற அக்காவைப் பற்றி எழுதினேன், இரண்டு நாள் மூட்டை எப்படிச் சீக்கிரம் முடிகிறது என்று எழுதினேன். கட்டிலுக்கடியில் போர்வை மூடிய ஜோடிகளைப் பற்றி ரொம்ப ரசித்து எழுதினேன். கடைசி வரியில் முற்றுப்புள்ளி வைக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு. அந்த ஜோரிலேயே அனுப்பிவிட்டேன். ஆபா வந்ததும் படித்துக் காட்டிக்கொள்ளலாம், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

பெயர் போடவில்லை. ஊர் போடவில்லை. நான் ஒன்றும் அவ்வளவு முட்டாள் இல்லையாம்! வெளிவந்த கட்டுரைக்கு மேலே என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. என் பக்கத்து வீடு எது என்று தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

ஆபா திரும்பி வந்த மறுநாள் காலை, அவர் வீட்டு வாசலில் மொபெட் நின்றது. நான் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஏஜென்ட்டின் குரல் கேட்டது. என்னவோ படிக்கிறாரே என்று காது கொடுத்தேன். என் வரிகள். ஒரு வரி விடாமல் போனைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூடப் படிக்கவில்லை, ரசித்துப் படித்தார். படித்து முடித்துவிட்டு, “சூப்பரா எழுதிக்கீறாங்க ஆபா உன் ஃப்ரெண்டு. நான்தான் ஏமாந்துட்டேன்” என்றார். “கட்டிலுக்கடியில பாக்கலாமா?”

மூட்டையைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கட்டுரையை ஆபா முதன்முதலாகக் கேட்டது அந்த ஆள் வாயால்தான்.

அந்த வாரமே தெரு முழுக்க மூட்டைக்கு ஒரு நாள் என்று ஆகிவிட்டது. முடியாதவர்கள் சொல்லிவிடுங்கள், வேறு தெருவில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டார் ஏஜென்ட். கோடி வீட்டுக்காரியால் முடியவில்லை. அவள் வீட்டு வாசலில் மொபெட் நிற்பது நின்றுபோயிற்று. தெருப் பெண்கள் ஆபாவோடு பேச்சை விட்டார்கள்.

நான் குழாயடிக்குப் போய், எல்லோர் முன்னாலும், தப்பு என்னுடையது, எழுதியது நான்தான், ஆபாவுக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். அழுதும்விட்டேன். ஒருத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்: “நீ எழுதினே, சரி. சீக்கிரமா தைச்சது யாரு? மூடி வெச்சது யாரு?” உங்களுக்காகத்தான் மூடிவைத்தார் என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் அவர்கள் நடையைக் கட்டிவிட்டார்கள்.

ஆபாவிடம் போனேன். ஒரு பாட்டம் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நூலை மெழுகில் இழுத்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டார்.

“எல்லாத்தையும் படிச்சுக் காட்டுவியே. இதை மட்டும் ஏன்மா காட்டல?”

“நீங்க ஊர்ல இல்லியே ஆபா.”

“போன் இருந்துச்சே.”

நாளெல்லாம் கையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற போன். அன்றைக்குத்தான் அதைத் தொடாமல் இருந்தேன் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு போன் போட்டிருந்தால், போர்வை இருக்கும் பத்திக்கு வந்ததுமே “இது வேணாம்மா” என்றிருப்பார். ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? அந்த ஐந்து நிமிடத்தை நினைத்து நினைத்து இப்போதும் மாய்ந்துபோகிறேன்.

ஆபா அப்புறம் என் வீட்டுக்குத் தைக்க வரவில்லை. நான் டைமரைத் திருகிவைத்துப் பார்த்தேன். மணி அடிக்கும், நிமிர்ந்து பார்ப்பேன், படித்துக் காட்ட ஆள் இருக்காது. எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். நீங்கள் படிக்கிற இதை டைமர் இல்லாமல், எழுந்து எழுந்து போய், பல நாளாக எழுதினேன்.

எழுதி முடித்ததும் எங்கேயும் அனுப்பாமல் ஆபா வீட்டுக்கு எடுத்துப்போனேன். தரையில் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படித்தேன். எல்லாவற்றையும் கேட்டார். முட்டை மெஷின் வந்தபோது சிரித்ததுபோலக்கூட இருந்தது. முடிந்ததும், ஒரே ஒரு விஷயத்தை எடுத்துவிடச் சொன்னார். அங்கேயே அடித்தேன். அது இதில் இல்லை.

“நாளைக்கு மத்தியானம் வாங்க ஆபா. சும்மா வந்து உக்காருங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க.”

“ஒரு நாள் மூட்டைம்மா. எங்க டைம் இருக்குது?” என்றார்.

கோபமில்லாமல்தான் சொன்னார். நான் படிக்க ஆரம்பித்ததிலிருந்து அதுவரைக்கும் அவர் ஊசியைக் கீழே வைக்கவே இல்லை.