பெரிய வியாழனில் கலங்கிய தண்ணீர்

பெரிய வியாழக்கிழமை மத்தியானம் என்றால் எங்கள் கிணற்றடி முழுக்கச் சவர்க்கார வாசம் அடிக்கும். அன்று மாலைப் பூசையில் பாதர் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக இருத்தி, இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல அவர்களின் பாதங்களைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரில் முதல் ஆள் என் அப்பா. தேங்காய்த் தும்பாலும் கல்லாலும் தேய்த்துத் தேய்த்துக் குதிக்காலைச் சிவக்க வைத்துவிடுவார்.

"பாதர் கழுவத்தானே போறார், நீங்க என்னத்துக்கு மூணு தரம் கழுவுறீங்க?" என்று அம்மா சிரிப்பார்.

"அழுக்குக் காலை நீட்டினா மரியாதையா?" என்பார் அப்பா. ஊரில் பன்னிரண்டு வீட்டிலும் அன்று இதே கூத்துத்தான்.

எங்கள் வாவிக்கரைக் கோயிலுக்கு அப்பாதான் "மூப்பர்", கோயில் காரியமெல்லாம் அவர் சொல்வதுபோலத்தான் நடக்கும். அவருக்குத் தம்பியாகப் பிறந்தவர் எங்கள் ராணி மாமி. நாலு வருசம் கொழும்பில் வேலை செய்துவிட்டு, பாவாடையும் பின்னலுமாகத் திரும்பி வந்து, இனித் தன் பெயர் ராணி என்று சொன்னவர். "சித்தப்பா எண்டு கூப்பிடணும்" என்பது அப்பாவின் கட்டளை. அவர் இல்லாத இடத்தில் நாங்கள் மாமி என்போம். தெருவில் "பொம்பிளைச் சட்டி" என்று கேலியாகக் கத்துவார்கள். கோயிலில் வலப்பக்கப் பாயில் ஆண்கள், இடப்பக்கப் பாயில் பெண்கள். "ஆம்பிளை உடுப்போட வந்தா வரட்டும், இல்லாட்டி அவன் வாசல்படி மிதிக்கப்படாது" என்று அப்பா சொல்லிவிட்டார். மாமி உடுப்பை மாற்றவில்லை. வாவியில் இறால் பிடித்துவிட்டு நேரே வந்து, வாசலுக்கு வெளியே மணிக்கயிற்றின் பக்கத்தில் நின்று பூசை காண்பார். எல்லோரும் நற்கருணை வாங்க முன்னே போகும்போது கண்ணை மூடிக்கொள்வார். மூன்று வருசம் அப்படித்தான் நின்றார்.

எனக்குப் பத்து வயதான அந்த வருசம், பன்னிரண்டாம் ஆளுக்குக் காலில் கெளுத்தி மீன் குத்தி வீங்கிவிட்டது. பதினொரு பேருக்குக் கழுவி முடிய, கடைசிக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. முதல் ஆளாகத் தன் காலைக் கழுவுவித்துவிட்டு, மற்றவர்களுக்குச் செம்பில் தண்ணீர் ஊற்றுவதும் அப்பாவின் வேலை. அவர் ஆண்கள் பக்கம் திரும்பிக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஒருவரும் எழும்பவில்லை.

"ஐயோ மூப்பர், என்ட காலைப் பாருங்க, முழுக்க வயல் சேறு" என்று ஒருவர் காலைக் கட்டியிருந்த சாரத்துக்குள் இழுத்துக்கொண்டார். அடுத்தவரும் இழுத்தார். தேய்த்துக் கழுவாத காலை நீட்ட எங்கள் ஊரில் யாருக்குத்தான் மனம் வரும்?

பாதர் எழும்பினார். கால் கழுவும் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தார். படிக்கு வெளியே நின்ற மாமியின் முன்னால் முழந்தாளில் இருந்து, "காலை வையுங்க அம்மா" என்றார். மாமியின் கணுக்கால்வரை வாவிச் சேறு. பாவாடையைக் கொஞ்சம் தூக்கி ஒரு காலை வைத்தார்.

தண்ணீர் ஊற்ற வேண்டியவர் அப்பா. செம்போடு நின்றார். "பாதர், அவன்..." என்று தொடங்கினார். பாதர் நிமிரவில்லை, தட்டத்தில் வைத்த காலை இரண்டு கையாலும் ஏந்தியபடியே இருந்தார். கோயில் முழுக்கத் தண்ணீர்ச் சத்தத்துக்காகக் காத்திருந்தது.

பிறகு அது கேட்டது. மெல்லிய தாரையாக, விட்டு விட்டு.

அதுவரை எந்த வருசமும் அந்தத் தட்டத்துத் தண்ணீர் கலங்கி நான் கண்டதில்லை. அன்று கறுத்தது. மாமி காலை எடுத்துக்கொண்டு பின்வாங்கப் பார்த்தார்.

"மற்றக் காலையும் வை, புள்ள" என்றார் அப்பா.

புள்ள என்றுதான் அவர் தன் மகளான என்னையும் கூப்பிடுவார். பெண்கள் பக்கத்தில் அம்மா பாயில் தள்ளி இருந்து, "உள்ளுக்கு வாங்க மச்சாள், இடம் கிடக்கு" என்றார்.

எல்லோருக்கும் அது பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போயின. அடுத்த வருசம் அப்பா மூப்பர் இல்லை. மாமியும் ஊர்ப் பேச்சுக் கேட்டுக் களைத்துக் கல்குடாப் பக்கம் குடிபோனார், அங்கேயே கண்ணை மூடினார்.

கோயில் பாயும் போய்விட்டது, கிணறும் தூர்ந்துவிட்டது. இன்றைக்கும் மாமியைப் போன்றவர்களைப் பாவிகள் என்று பிரசங்கத்தில் சொல்லக் கேட்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், வேத சாத்திரம் தெரியாது. தினமும் செபமாலை சொல்கிறேன். ஆனால் ஆண்டவர் எங்கள் கோயிலுக்குள் நடந்து வந்ததை நான் கண்ணால் கண்டது அந்த ஒரு நாளில்தான்.

இந்த வருசம் பன்னிரண்டு பேரில் என் கணவரின் பெயரும் வந்தது. மத்தியானம் அவர் கால் தேய்க்கும் பின்பக்கத்துக் குழாயடியிலிருந்து சவர்க்கார வாசம் வந்தது. நான் போய்க் குழாயைப் பூட்டி, "கிடக்கிற அழுக்கோட வாங்க" என்றேன்.