பெசமினோவுக்கு வந்த பட்டம்

பக்கத்து அறையில் சிரிப்பு வெடித்தது. பத்துப் பதினைந்து ஆண்கள் ஒன்றாகச் சிரிக்கும் சத்தம். அதற்கு நடுவே கீச்சென்று ஒரு கிழவியின் குரல்.

செஃபினா பாய் முடைவதை நிறுத்தவில்லை. அந்தக் கிழவி தன் அண்ணன் பெசமினோதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. அண்ணன் வாய்விட்டுப் பகடி பேசும் இடத்தில் தங்கை இருக்கக் கூடாது என்பது எங்கள் சமோவா வழக்கம். நாற்பது வருடமாக அவன் நாடகங்களைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துதான் கேட்டிருக்கிறாள், தூரத்து மழையைக் கேட்பது போல.

எங்கள் கூத்தில் நடிகன் பேசுவதில்லை, அவன்மேல் வந்த ஆவி பேசுகிறது. ஆவி யாரைக் கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ள முடியாது. பெரும்புயல் வருடத்தில் நிவாரண மீன் டப்பாக்களை ஊர்ச்சபையின் பேச்சாளர் தாஃபுனா தன் வீட்டிலேயே அடுக்கி வைத்தார். பெசமினோவின் கிழவி ஒரு டப்பாவை மடியில் போட்டுத் தாலாட்டினாள். மறுநாள் விடிந்தபோது எல்லா வாசலிலும் டப்பாக்கள் இருந்தன.

பிறகு அவன் ஆக்லாந்து போனான். வாரம் முழுக்கப் பஸ் ஓட்டினான், சனிக்கிழமை மண்டபம் நிறைத்தான். ஆனாலும் ஒவ்வொரு டிசம்பரும் வேஷ மூட்டையோடு இங்கே வந்து இறங்குவான். "அங்க டிக்கெட் எடுத்ததுக்காகச் சிரிக்கிறாங்க. இங்கதான் குத்துப்பட்டுச் சிரிக்கிறாங்க," என்பான். போன வருடம் ஒரேயடியாகத் திரும்பிவிட்டான்.

ஒத்திகை கலைந்தது. தூறலில் நனைந்தபடி அதே தாஃபுனா வந்தார், பேச்சாளருக்குரிய தேங்காய் நார்ச் சாமரம் தோளில் தொங்க. மூட்டையைக் கையில் பிடித்தபடியே பெசமினோவும் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, உங்கப்பாவோட தலைவர் பட்டம் எட்டு வருஷமாக் காலியாக் கிடக்கு. பெசமினோவுக்குக் கொடுக்கலாம்னு சபை முடிவு பண்ணிருக்கு. ஊருக்கு அவன் செஞ்சதுக்கு மரியாதை. நம்ம வழக்கப்படி வீட்டுப் பொண்ணு நீங்க சம்மதம் சொல்லணும்."

செஃபினாவுக்குக் கண் நிறைந்தது. அப்பாவின் பெயர் சபையில் மறுபடி ஒலிக்க வேண்டும் என்று அவள் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் முழங்காலிட்டிருக்கிறாள்.

"பட்டம் கட்டினப்புறம் கூத்து?"

"தலைவர் பாவாடை கட்டிக்கிட்டு ஆட முடியுமாம்மா?"

"உண்மையைச் சொல்லுங்க ஐயா. இது மரியாதையா, வாய்க்குப் பூட்டா?"

தாஃபுனா நரைத்த மீசையைத் தடவினார். "ரெண்டும்தான். மீன் டப்பா வாசனை இன்னும் எம்மேல போகல. பேரப்பிள்ளைங்ககூட மோந்து பாக்குதுங்க."

செஃபினா அண்ணன் பக்கம் திரும்பினாள். "உனக்கு என்னண்ணே வேணும்?"

"நீ சொல்றதுதான்."

"நாக்கை வச்சுப் பொழைச்சவன் பேசற பேச்சா இது?"

அவன் விரல்கள் மூட்டையை இறுக்கின. பழைய துணி கிழிந்தது. ஒரு பூப்போட்ட கவுன் சரிந்தது. அதன் மேல், பெண்கள் கோயிலுக்குப் போடும், ஓரம் நைந்த ஒரு வெள்ளைத் தொப்பி.

அவள் அதை எடுத்துப் பார்த்தாள். உள்ளே நீல நூலில் அவள் தைத்த சிலுவைக் குறி.

"இதைத் தேடி முப்பது வருஷம் ஆச்சு. எதிர்வீட்டுக்காரி எடுத்துட்டான்னு அவகிட்ட ரெண்டு வருஷம் பேசாம இருந்தேன்."

பெசமினோ தலை குனிந்தான். "ஊர்ல முதல்ல என்னை அதட்டித் திருத்தினவ நீதான். அந்தத் தொப்பி தலையில ஏறினாத்தான் கிழவிக்குத் தைரியம் வரும்."

மழை கூரையில் மெல்ல நடந்தது. தான் ஒருநாளும் காலடி வைக்காத மேடைகளெல்லாம், ஆப்பியா, ஆக்லாந்து, ஊர்க் கோயில் முற்றம், வெளிச்சத்தோடு அவள் முன்னால் மிதந்து போயின. எல்லாவற்றிலும் அவள் இருந்திருக்கிறாள். கன்னத்தில் கண்ணீர் வழிய, கிழிந்த துணியில் கவுனையும் தொப்பியையும் வைத்துக் கட்டி, அண்ணன் மடியில் வைத்தாள்.

"ஐயா, அப்பா பட்டம் காலியாவே இருக்கட்டும். அவர் என்னை மன்னிப்பார்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இன்னொரு தடவை சபை கேக்காது."

"தெரியும்."

தாஃபுனா எழுந்து சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். பெசமினோவை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "அடுத்த கூத்துல அந்தக் கிழவி யாரைப் பிடிக்கப் போறா?"

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? ஆவி மனசு யாருக்குத் தெரியும்?" என்றான் பெசமினோ.

அவர் வாசலில் ஒரு கணம் நின்று, தூறலுக்குள் இறங்கிப் போனார். செஃபினா கதவைச் சாத்தினாள்.