மிளா நின்ற கடலைக்காடு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், எங்கள் பழைய கடலைக்காட்டைப் பார்த்துவரலாம் என்று அண்ணன் சொன்னார். எண்பதுகளின் தொடக்கம் அது. தேவாரத்துக்கு மேற்கே மலையடியில் கிடந்த புஞ்சைகளை ஏழெட்டு வருடங்களுக்கு முன்பே வனத்துறையினர் எடுத்து, மரம் வைத்து, மிருகங்களுக்கென்று விட்டிருந்தார்கள். எங்களுடையதும் அதில் போனது. போடிக்குக் குடிவந்த பிறகு அப்பா ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை. போகலாமா என்று கேட்டால் சோலி இருக்கிறது என்பார். அவருக்கு ஒரு சோலியும் இருந்ததில்லை.

அண்ணன், மதினி, நான் மூவரும் பஸ்சில் தேவாரம் போய், அங்கிருந்து நடந்தோம். காட்டு வாசலில் இருந்த வனக்காவலர் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டு கூடவே வந்தார். வெளியூர்க்காரர். அது எங்கள் நிலமாக இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியாது.

வரப்புகள் எதுவும் மிஞ்சவில்லை. கமலைக் கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். அதை வைத்துத்தான் இடத்தை அடையாளம் கண்டோம். இடுப்புயரப் புல். மதினி ஒரு செடியில் சுண்டைக்காய் நாலைந்து பறித்தார். இங்கிருந்து எதையும் எடுத்துப் போகக்கூடாது என்று காவலர் தன்மையாகச் சொன்னார். மதினி காய்களைச் செடியடியிலேயே போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

அப்போது, களமாக இருந்த மேட்டில் ஒரு மிளா மான் வந்து நின்றது. பெரிய கொம்பு. எங்களைப் பார்த்துக்கொண்டே புல்லை மென்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் குனிந்து ஒரு கல்லை எடுத்துவிட்டார். கடலை விளைந்த காலத்தில் அவரும் அப்பாவும் தகரத்தைத் தட்டி, கல்லெறிந்து விரட்டியது இதே மிளாக்களைத்தான். கை தானாகப் போயிருக்க வேண்டும்.

“அண்ணே, வெரட்டக் கூடாது. அது எடம்ணே இது” என்றார் காவலர்.

அண்ணன் கல்லைக் கீழே வைத்தார். போடவில்லை, குனிந்து வைத்தார்.

“ஆமா. அது எடந்தான்” என்றார்.

மதினி அவர் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. எனக்குள்ளும் ஒன்றும் இல்லை. அப்பா செத்த அன்று வராத அழுகை இங்கே வந்துவிடும் என்று நம்பித்தான் கிளம்பி வந்திருந்தேன். காத்திருந்து பார்த்தேன். வெயில் ஏறியது, பசித்தது.

தேவாரத்தில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். சாம்பார் நன்றாக இருக்கிறது என்று மதினி சொன்னார். பஸ்சில் அண்ணன் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். மறுநாள் காலையில் ஏலக்காய் மண்டிக்கு வெரசாகக் கிளம்பிப் போனார், லோடு வந்திருந்தது. போய்வந்ததைப் பற்றி நாங்கள் மூவரும் அதன்பின் பேசிக்கொண்டதில்லை. எனக்கு அழுகை வர இன்னும் இரண்டு வருடம் ஆனது. அப்போது நான் மதுரையில், ஒரு ஆஸ்பத்திரி வரிசையில், யாருக்கோ மருந்து வாங்க நின்றுகொண்டிருந்தேன்.