மச்சான் கட்டிய மாடு

நெடுந்தீவில் என் தங்கையின் கணவர் ஒரு காளையைக் கொண்டுவந்து என் பட்டியில் கட்டினார். விலைக்கு வாங்கியது என்றார், நம்பினேன். அது களவு மாடென்று பொலிஸ் வந்தபோது, திருடியது நான்தான் என்று அவரே கோட்டில் சாட்சி சொன்னார்.

வெட்டவெளியில் மாடுகளோடு திரிந்த என்னை மறியற்சாலையில் பொழுதுபடுமுன்னே பூட்டினார்கள். காற்றில்லாமல் மூச்சு முட்டியது. களவே தெரியாத எனக்கு, பூட்டுத் திறக்கும் வித்தையை அங்கே ஒருவன் சொல்லித் தந்தான்.

விடுதலையாகி வந்த அன்று மச்சான் இறங்குதுறையில் நின்றார்.

"என்ன மச்சான், திருந்தி வந்திட்டீரோ?"

"களவெடுத்தது நீர். நான் ஏன் திருந்தவேணும்?"

பக்கத்தில் நின்ற தங்கை என் கையைப் பிடித்தாள். "மெல்லக் கதையுங்கோ அண்ணை. சனத்துக்குத் தெரிஞ்சால் என்ர பிள்ளையள் என்ன செய்யிறது?"

அவளுக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.