பூட்டிய பெட்டியில் போன மூன்று கால் மயில்

சந்திரமோகன் எங்கே போகிறார் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் ஆரணி கொசப்பாளையத்தில் யாருமில்லை. போளூருக்குக் கிளம்பினால் "கடைத்தெரு வரைக்கும்" என்பார். கடைத்தெருவுக்கே கிளம்பினால் பதில் சொல்ல மாட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு "பட்டு சம்பந்தமா" என்றதோடு நிறுத்திக்கொண்டாராம். மீதியைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன் என்று அவர் மனைவி பானுப்ரியா இன்றைக்கும் சொல்வாள்.

மீதி என்னவென்றால், அவர் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். அப்பா தறியில் உட்கார்ந்தவர். இவருக்குத் தறியைவிட, தறியில் விழுகிற பூவின் மேல்தான் கண். முதலில் கட்டம் போட்ட தாளில் வரைந்தார். இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார். அந்தப் படத்தைப் பார்த்து அட்டைக்கடையில் அட்டையில் ஓட்டை போடுவார்கள். நெசவாளி அந்த அட்டைகளைத் தறிக்கு மேலே தொங்கவிட்டு நெய்தால், வரைந்த கிளியும் மாங்காயும் ஜரிகையில் ஏறும். ஆக, ஒரு புடவை பிறப்பதற்கு முன்னால் அந்தப் படம் குறைந்தது இரண்டு பேருக்காவது போய்த்தான் ஆக வேண்டும். சந்திரமோகனின் வாழ்க்கையில் இருந்த ஒரே சங்கடம் இதுதான்.

சென்ற தை மாதம் அவர் போட்ட கிளி பார்டர் ஒன்று, கைத்தறியிலிருந்து இறங்குவதற்கு முன்பே விசைத்தறிப் புடவையாகக் கடையில் தொங்கியது. மனிதர்கள் யார் மேலும் அவர் சந்தேகப்படவில்லை. ஆரணியில் மனிதர்களைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் எங்கே போய் முடிப்பது? அவர் செல்போனைச் சந்தேகப்பட்டார்.

"வீட்டுல ஒரு வார்த்த பேசாம கெடக்கறது அது ஒண்ணுதான். அது மேலயா சந்தேகம்?" என்றாள் பானுப்ரியா.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து தேவிப்ரியா பேசினாள். பெரிய ஜவுளிக்கடை ஒன்றுக்குப் பட்டு கொள்முதல் செய்கிறவள். ஆவணி முகூர்த்தத்துக்குப் புதிதாக ஒரு டிசைன் வேண்டும், பிடித்திருந்தால் சீசன் முழுக்க அவருடையதுதான் என்றாள். ஒரு நிபந்தனை. கிளி விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது. இந்த முறையும் டிசைன் யாருடையது என்று ஒரு பேச்சு வந்தால், இனிமேல் அவரிடம் எப்போதும் எதுவும் வாங்குவதாக இல்லை. இதை அவள் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். அதனால் அது நிஜம் என்று அவருக்குத் தெரிந்தது.

டிசைன் தயாராகத்தான் இருந்தது. அன்னமும் தாமரைக் கொடியும். அவர் கையிலிருந்து வந்ததிலேயே அதுதான் நல்லது. அதை எதில் அனுப்புவது என்பதுதான் கேள்வி.

சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் உட்கார்ந்து வீடியோக்களைப் பார்த்தார். தெரிந்துகொண்டதையெல்லாம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பானுப்ரியாவுக்குச் சொன்னார். வாழ்நாளில் அவர் அவளிடம் இவ்வளவு பேசியதில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி போகிற பெட்டி நல்ல பெட்டி. இங்கே பூட்டினால் அங்கேதான் திறக்கும், நடுவில் கம்பெனிக்காரனாலும் திறக்க முடியாது. ஆனால் யார் யாருக்கு எப்போது பெட்டி அனுப்புகிறார்கள் என்பது வாசலில் அவனுக்குத் தெரியும். போதாக்குறைக்கு, பேக்கப் என்று ஒரு நகல் வேறு எங்கேயோ போய் உட்காருகிறது. அதற்குத் தனியாக ஒரு பூட்டு உண்டு, அதை நாம்தான் போட வேண்டும். அவர் போட்டதில்லை. டெலிகிராமில் சாதாரணமாகப் பேசுவதெல்லாம் அவர்கள் கிடங்கில் இருக்கும், சாவியும் அவர்களிடமே இருக்கும். ரகசியமாகப் பேசத் தனி அறை உண்டு. அதைத் தேடிப் போய்த் திறந்தால்தான் இரண்டு பக்கமும் பூட்டு. சிக்னலில்தான் எல்லாப் பேச்சுக்கும் பூட்டு, வாசலிலும் அநேகமாக எதுவும் குறித்துக்கொள்வதில்லை. செய்தி தானாக அழிந்துபோகவும் வைக்கலாம்.

"அப்ப அதுலயே அனுப்புங்களேன்."

"அதுல யாருமே இல்ல" என்றார் சந்திரமோகன். "பெரிய கல்யாண மண்டபம். பந்தில ஒரு எல கூட போடல."

படித்துத் தெரிந்துகொண்டதை அப்படியே நம்புகிறவர் அல்ல அவர். ஜரிகையை உரசிப் பார்க்காமல் வாங்காத குடும்பம். மூன்றையும் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். அன்னத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மூன்று பொய் டிசைன்கள் போட்டார். ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்தார். எது கடைத்தெருவுக்கு வருகிறதோ, அந்த வழி ஓட்டை.

காம்பு கீழே இருக்கும் மாங்காய், வாட்ஸ்அப்பில் அட்டைக்கடை சதீஷுக்குப் போனது. ஒற்றைக் கண் யானை, டெலிகிராமில் சந்தவாசலில் இருக்கும் மைத்துனன் சக்கரவர்த்திக்குப் போனது. மூன்று கால் மயிலை மட்டும் தேவிகாபுரத்தில் அவருக்கு நெய்து தருகிற சுப்பராயலுவுக்கு சிக்னலில் அனுப்புவது என்று வைத்துக்கொண்டார். அதற்காகவே பஸ் ஏறிப் போய், பெரியவரின் செல்லை வாங்கி, அதில் சிக்னலை ஏற்றிக் கொடுத்தார். வருகிற படம் பார்த்த ஒரே நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் பார்க்க வேண்டியதை அன்றைக்கே பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தார். மூவரிடமும் இது ஆவணி முகூர்த்த டிசைன் என்றே சொல்லியிருந்தார். அனுப்பி முடித்ததும் கம்ப்யூட்டரில் இருந்த மூன்றையும் அழித்தார். பொய்யே ஆனாலும் பத்திரம் பத்திரம்தானே.

சதீஷ் படத்தைத் திறந்தே பார்க்கவில்லை. சக்கரவர்த்தி உடனே ஒரு கட்டைவிரல் அனுப்பினான். அவன் சாவுச் செய்திக்கும் கட்டைவிரல் அனுப்புகிறவன். சுப்பராயலுவிடமிருந்து பதில் இல்லை.

ஆனி பிறந்த பிறகு ஒருநாள், தேங்காய் வாங்கப் போன சந்திரமோகன் கடைத்தெருவில் நின்றுவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் விசைத்தறிப் புடவை ஒன்று. உடல் முழுக்க மயில். காலை எண்ணினார். ஒரு வண்டிக்கு வழிவிட்டுத் திரும்ப வந்து மறுபடி எண்ணினார். மூன்று. மூன்றாவது கால் அவர் வைத்த அதே இடத்தில் இருந்தது.

இருப்பதிலேயே கெட்டியான பூட்டுதான் உடைந்திருந்தது. வீட்டுக்கு வந்து சிக்னலைச் செல்லிலிருந்தே நீக்கினார். சோதனையின் முடிவுப்படி, கட்டைவிரல் அனுப்பும் மைத்துனனும் டெலிகிராமும்தான் உலகத்தில் பாதுகாப்பானவர்கள் என்று ஆகியது. அதை ஏற்க மனம் வராமல் அவர் படுத்துக்கொண்டார்.

படுத்திருந்தபோதுதான் தேவிப்ரியா கூப்பிட்டாள். விசைத்தறிக்காரர் ஒருவர் மூன்று கால் மயிலோடு சென்னைக்கே வந்திருக்கிறார். முதலாளிக்கு அது பிடித்துப் போய்விட்டது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் காலை எண்ணுகிறார்களாம், எண்ணுகிறவர்கள் வாங்குகிறார்களாம். ஆவணிக்கு அதையே பட்டில் போடலாம் என்கிறார். அந்த ஆள் டிசைன் தன்னுடையது என்கிறார். "ஆனா மூக்கு வளைவு உங்க கை மாதிரி இருக்குங்க. உங்களுதுன்னா காட்டுங்க, ஆர்டர் உங்களுக்கு. இல்லன்னா அவருக்குத்தான் தரணும். போன தடவ மாதிரி ரெண்டு பேரும் என்னுதுன்னு சொல்லிகினு இருந்தா, நான் முதலாளிகிட்ட நிக்க முடியாது."

சாயங்காலத்துக்குள் காட்டுவதாகச் சொல்லிவிட்டுச் சந்திரமோகன் எழுந்தார். கம்ப்யூட்டரில் இல்லை. செல்லில் இல்லை. சிக்னலை மறுபடி ஏற்றிப் பார்த்தார். பழையது ஒன்றுகூட இல்லை. அழித்துவிடுகிறேன் என்று சொன்ன சொல்லை அது காப்பாற்றியிருந்தது. அந்த மயில் தன்னுடையது என்பதற்கு உலகத்தில் எந்த அத்தாட்சியும் இல்லாதபடி அவரே, ஒரு வீடியோவில் சொன்ன வரிசைப்படி, எல்லாவற்றையும் செய்திருந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் பானுப்ரியா.

"தேவிகாபுரம்" என்றார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

சுப்பராயலு கோயிலுக்கு எதிரே அஜித்தின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் செல்லிலும் படம் இல்லை. ஆனால் சந்திரமோகனைப் பார்த்ததும் அவருக்குத்தான் முதலில் கோபம் வந்தது.

"இன்னா மோகனு, கண்ணு போச்சா உனக்கு? முகூர்த்தப் பொடவைல மூணு கால் மயிலு போட்டு அனுப்பறே?"

"யாருக்குண்ணா அனுப்பின அத?"

"நான் யாருக்கு அனுப்பறேன்? எனக்கு அனுப்பத் தெரியுமா? காட்டினேன், அவ்ளோதான்."

காட்டியது எப்படி என்பது மெல்ல வெளியே வந்தது. சுப்பராயலு வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பறவைக்கோ மிருகத்துக்கோ அங்கத்தில் பிழை இருக்கிற டிசைனை, வெளியாள் மூன்று பேரைக் கேட்காமல் தறியில் ஏற்ற மாட்டார்கள். அந்தப் புடவை கட்டுகிற பெண்ணுக்கு ஒன்று நடந்தால் பாவம் வரைந்தவனுக்கு அல்ல, நெய்தவனுக்கு. அவர் அப்பா காலத்தில் டிசைன் தாளில் வரும், ஆள் தேடி நிதானமாகக் கேட்டார்கள். இந்தப் படமோ ஒரே நாளில் அழிந்துவிடும். அதனால் சுப்பராயலு செல்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். முதலில் டீக்கடை. பிறகு கோயில் வாசல். அங்கே ஒருத்தர் மூன்று கால் இருக்கலாம் என்றும் ஒருத்தர் கூடாது என்றும் சொல்ல, பஸ்ஸுக்கு நின்றவர்களைக் கேட்டிருக்கிறார். பஸ் டிரைவரையும் கேட்டிருக்கிறார்.

"ஜல்தி கேளுன்னு நீதானே சொன்ன."

"பாருன்னு சொன்னேன்."

"பாத்தா கேக்கத்தானே தோணும்?"

சர்க்கரை போட்டுக்கொண்டிருந்த அஜித் இந்த இடத்தில் பேச்சுக்குள் வந்தான். பெரியவர் அழிந்துபோகும், அழிந்துபோகும் என்று ஒரே பேஜார் பண்ணியதால், அழிவதற்குள் தன் செல்லால் அந்தச் செல்லை ஒரு போட்டோ பிடித்து வைத்தானாம். எத்தனை கால் என்று கேட்டு, கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டானாம். அவர்கள் தங்கள் தங்கள் குழுவில் போட்டார்களாம். ஒவ்வொரு குழுவுக்கும் அந்த மயில் நல்ல பூட்டிய பெட்டியில்தான் போயிருக்கிறது. வழியில் எவனும் திறக்கவில்லை. கடைசியில் ஒரு விசைத்தறிக்காரர் கைக்கு வந்து சேர்ந்தபோது, அவருக்குக் காலை எண்ண நேரம் இருக்கவில்லை.

"அந்த போட்டோ இருக்குதா?" என்றார் சந்திரமோகன்.

இருந்தது. சுப்பராயலுவின் கட்டைவிரல், அதற்கு மேலே மூன்று கால் மயில், அதற்கும் மேலே 'சந்திரமோகன் ஆரணி' என்ற பெயர். எடுத்த தேதி சித்திரை மாதம். விசைத்தறியில் பாவு நூல் ஏறுவதற்கு வெகு முன்பு.

தேவிப்ரியாவுக்கு அனுப்பினார். அவள் உடனே கூப்பிட்டு, இதைக்கூட யாராவது பொய்யாகச் செய்திருக்கலாம் இல்லையா என்று மரியாதையாகக் கேட்டாள். அஜித் செல்லை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு பெஞ்சின் மேல் வைத்தான். அதற்குப் பிறகு சந்திரமோகன் பேச வேண்டியிருக்கவில்லை. மயிலைப் போட்டது யார் என்று அவள் கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆரணி சந்திரமோகன்தான், அவருக்கு மயில் போடத் தெரியாது என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம் என்றார் ஒருவர். எங்கள் ஊரில் அவர் பெயரே இப்போது மூன்று கால்தான் என்றார் இன்னொருவர். பால் ஊற்ற வந்தவரும் நின்று ஒரு சாட்சி சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பக்கம் தேவிப்ரியா லேசாக இருமினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று அஜித் சைகை காட்டினான். பிறகு ஆர்டர் அவருக்குத்தான் என்றாள். ஆனால் மூன்றாவது கால் அப்படியே இருக்க வேண்டும் என்றாள்.

"நெய்ய மாட்டேன்" என்றார் சுப்பராயலு. அவர் இன்னும் கோபத்தில்தான் இருந்தார். பெண் உடம்பில் ஏறுகிற புடவை, யார் சொன்னாலும் ஊனமான பறவையைத் தன் தறியில் ஏற்றுவதாக இல்லை. சந்திரமோகன் அஜித்திடம் ஒரு பேனா வாங்கி, பன் வந்த அட்டையில் மயிலை வரைந்தார். வரைந்து முடித்து மூன்றாவது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோகைக்குப் பின்னால், கொண்டை மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு சின்னத் தலை வைத்தார்.

"பின்னால பொட்ட மயிலு நிக்குதுண்ணா. மறைஞ்சி நிக்குது. அதோட காலு ஒண்ணுதான் வெளிய தெரியுது."

சுப்பராயலு அட்டையை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். ஜோடியாக நிற்கிறது, முகூர்த்தத்துக்கு நல்லதுதான் என்று மெல்ல ஒப்புக்கொண்டார். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். அட்டையை எடுத்துக்கொண்டு, மூன்று பேரைக் கேட்பதற்காகக் கோயில் பக்கம் நடந்தார். சந்திரமோகன் தடுக்கவில்லை. அஜித்தைக் கூப்பிட்டு, பின்னாலேயே போய் ஒரு போட்டோ பிடித்து வைக்கச் சொன்னார்.

ஆவணியில் மயில் நன்றாகப் போனது. ஐப்பசிக்கும் கேட்டார்கள். அன்னமும் தாமரைக் கொடியும் இன்னும் பீரோவிலேயே இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது. இதுவரை யாரும் பார்க்கவில்லை.